அவுகளுக்கு அங்கே புள்ளி உண்டா? ஒரு லுத்தரன் சபையைப் பற்றி

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் என் மகனும் மாப்பிள்ளையும் உறுப்பினர்களாக இருக்கும் லுத்தரன் சபைக்கு இந்த மதிப்புரை. லுத்தரன் என்பது மார்ட்டின் லுத்தர் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவு. மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் மகனைக் கல்யாணம் செய்துகொண்டவரை. அங்கே போய்த் தங்கியிருந்த நாட்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன். காரைக்குடிக்குத் திரும்பிய பிறகு வீட்டு டிவியில் நேரலையாகப் பார்த்து வருகிறேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த அரைக்குக் காரணம் பின்னால் வரும். பிள்ளைகளின் தனிமையை நினைத்துச் சபையின் பெயரை மட்டும் எழுதவில்லை.

லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை வருகிறது. தன்பாலீர்ப்புள்ள பிள்ளையையோ திருநர் பிள்ளையையோ பெற்ற ஒரு தாய், "என் பிள்ளை இந்தக் கோயிலுக்குள் போனால் என்ன நடக்கும்?" என்று தேடினால் தமிழில் ஒரு வரி கிடைப்பதில்லை. அந்தத் தாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறவி லுத்தரன். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் பிறந்தவள். சுவீடன்காரர்கள் கட்டிய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் அதே திருப்பத்தூர்தான். லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய 'சிறிய ஞானோபதேசம்' என்ற விசுவாசப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்த பிறகுதான் எங்களைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்கு நடந்தது. அதனால் இதைச் சுற்றுலா போனவளின் கண்ணால் பார்க்கவில்லை. ஆராதனை முறை, பிரசங்கம், திருவிருந்து எல்லாவற்றையும் எங்கள் வழக்கத்தோடு ஒட்டிப் பார்த்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் வாசல். வானவில் கொடி ஒன்று தொங்குகிறது. கொடியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது உள்ளே நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு தாள். சபையார் கூடி வாக்களித்து ஏற்றுக்கொண்ட வரவேற்பு அறிக்கை அது. எந்தப் பாலீர்ப்பு உள்ளவர்களும், எந்தப் பாலின அடையாளம் உள்ளவர்களும் இந்தச் சபையின் முழு உறுப்பினர்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இனப் பாகுபாட்டுக்கு எதிராக உழைப்போம் என்றும் அதே தாளில் இருக்கிறது.

இதற்கு ஒரு ஏற்பாடே உண்டு. 1974இல் சில லுத்தரன்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் இயக்கம் இப்போது 'ரீகன்சைலிங் ஒர்க்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. 1984 முதல் 'ரீகன்சைலிங் இன் கிறைஸ்ட்' என்ற பட்டியலில் சபைகளைச் சேர்த்து வருகிறார்கள். பெயர் கொடுத்தால் போதாது. வரவேற்பை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். தன்பாலீர்ப்புள்ளவரோ திருநரோ போதகராக வர விரும்பினால் அவரையும் அழைக்கத் தயாராக இருக்க வேண்டும். அவர்களுடைய கல்யாணத்துக்குக் கோயிலைத் திறந்துவிட வேண்டும். வருஷா வருஷம் இந்தப் பணிக்குக் காணிக்கையும் அனுப்ப வேண்டும். இந்தச் சபை நாலையும் செய்கிறது என்பதை நானே பார்த்தேன். என் மகன் கல்யாணத்துக்கு முன்னால் போதகர் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து நடத்திய ஆலோசனை வகுப்பு, மற்ற ஜோடிகளுக்கு நடத்துகிற அதே வகுப்பு. ஹால் வாடகையும் எல்லாருக்கும் வாங்குகிற அதே வாடகை.

'எல்லாரும் வாங்க' என்று பொதுவாகச் சொன்னால் போதாதா, பெயர் சொல்லித்தான் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் லுத்தரன்களாகிய நாம் அப்படிக் கேட்கக்கூடாது. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய நாள் முதல் சுவிசேஷம் எல்லாருக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்பது தலைமுறை தலைமுறையாகச் சண்டையாக இருந்தது. தனி இருக்கை கூடாது என்று 1833இல் ஆங்கிலேயப் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையை விட்டே வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். வரவேற்பு என்று சொல்லிக்கொண்டே ஒருவரைத் திண்ணையோடு நிறுத்த முடியும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி. யாரை நிறுத்தி வைத்தோமோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் உள்ளே வருவார்.

அமெரிக்க லுத்தரன்களும் இதைச் சுலபமாகச் செய்துவிடவில்லை. இ.எல்.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய லுத்தரன் திருச்சபையின் மாமன்றம் 2009 ஆகஸ்டில் இதே மினியாபொலிஸில்தான் கூடியது. மனிதப் பாலியல் குறித்த அறிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். விழுந்தது 676க்கு 338. அதாவது சரியாக மூன்றில் இரண்டு, ஒரு வாக்குகூட மிச்சமில்லை. வாக்கெடுப்பு நடந்த அதே 19ஆம் தேதி சூறைக்காற்று அடித்துப் பக்கத்திலிருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயத்தின் கோபுரத்தைச் சேதப்படுத்தியது. கடவுளின் கோபம் என்றார்கள் சிலர். மன்றம் கலையவில்லை. இரண்டு நாள் கழித்து, தன்பாலினத் துணையோடு வாழ்நாள் உறவில் உண்மையாக வாழ்பவர்களும் போதகராகலாம் என்ற தீர்மானம் 559க்கு 451 என்று நிறைவேறியது. மாப்பிள்ளை அப்போது கல்லூரி மாணவர். தன்னார்வத் தொண்டராக மன்றத்துக்குள் தாள் சுமந்துகொண்டிருந்தாராம். "யாரும் கை தட்டலம்மா. கண்ணீரோட பக்கத்துல இருந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தோத்தவங்களும் அங்கேயே இருந்தாங்க, அதனால" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு பல சபைகள் பிரிந்து போயின. 2010இல் தனித் திருச்சபையே உண்டானது. 2013இல் கை எர்வின் என்ற தன்பாலீர்ப்புள்ள ஒருவர் தென்மேற்குக் கலிபோர்னியாவில் பேராயராகத் தேர்வானார். நம் பக்கம் மிஷனரிகளை அனுப்பிய சுவீடன் திருச்சபையும் அதே 2009இல்தான் தன்பாலினத் திருமணங்களைக் கோயிலில் நடத்த முடிவெடுத்தது. திருப்பத்தூரில் எங்கள் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் திருச்சபை அது. எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி ஆராதனை. முறை ஏறக்குறைய நம்முடையதேதான். பாவ அறிக்கை, பாவ மன்னிப்பு, வேதபாடம், விசுவாசப் பிரமாணம், திருவிருந்து என்று வரிசை மாறாது. பாட்டுப் புத்தகம் கருஞ்சிவப்பு அட்டை போட்டது. ராகம் தெரிந்த பாட்டு வந்தால் நான் தமிழிலேயே பாடிவிடுவேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போதகர் பெண். நான் பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். பிரசங்கம் கால் மணி நேரத்தைத் தாண்டாது. நம் ஊரில் முக்கால் மணி நேரம் கேட்டுப் பழகிய எனக்கு முதலில் அது குறையாகத்தான் தெரிந்தது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரியைப் பற்றி ஒரு ஞாயிறு பேசினார். அவர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். எருசலேமுக்கு அவ்வளவு தூரம் பணிந்துகொள்ள வந்தும், மோசேயின் சட்டப்படி சபைக்குள் சேர முடியாதவர். அவர்தான் வழியோரத் தண்ணீரைக் காட்டி, எனக்கு என்ன தடை என்று பிலிப்புவைக் கேட்கிறார். பிலிப்பு விளக்கம் சொல்லவில்லை, தண்ணீரில் இறங்கினான் என்று சொல்லிப் பாஸ்டரம்மா அங்கேயே பிரசங்கத்தை முடித்துக்கொண்டார். அறுபது வருஷமாக எனக்குத் தெரிந்த கதை. அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

திருவிருந்து அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அப்பம் பாஸ்டரம்மா கையில். திராட்சை ரசம் இருக்கும் பாத்திரத்தைச் சபையார் முறை வைத்து ஏந்துவார்கள். அன்றைக்கு ஏந்தியவர் வயதான ஒரு திருநங்கை. நரைத்த முடியைப் பின்னால் கொண்டை போட்டு, நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்ததால் பாத்திரத்தின் அடியை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் அணைத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துப் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்புவார். என் முறை வந்ததும் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்து, பெயரை நிதானமாக எழுத்துக்கூட்டிச் சொல்லி, "உனக்காகச் சிந்தப்பட்ட கிறிஸ்துவின் இரத்தம்" என்றார். காரைக்குடிக் கடைத்தெருவில் திருநங்கைகளைத் தினமும் பார்க்கிறவள் நான். கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அவர்கள் ஆசீர்வதித்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் உறவு இல்லை. இங்கே என் இரட்சிப்பின் பாத்திரத்தை ஒரு திருநங்கை எனக்குக் கொடுத்தார், நான் வாங்கினேன். என் திருச்சபை வாழ்க்கையில் அதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

காரைக்குடியில் நேரலை பார்க்க எனக்குத் துணை, பக்கத்து வீட்டு ஆச்சி. நகரத்தார் சமூகத்தில் வைரவன்பட்டிக் கோயில் பிரிவைச் சேர்ந்தவர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். ஞாயிறு ராத்திரி சாப்பாடு முடித்து வந்து என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிடுவார். ஆர்கன் இசை அவருக்குப் பிடிக்கும். என் மகனையும் மாப்பிள்ளையையும் திரையில் காட்டினால், "அந்தா, நம்ம பிள்ளைக நிக்குது" என்பார். ஒருநாள் கேட்டார்:

"ஏன் டீச்சர், அவுகளுக்கு அந்தக் கோயில்ல புள்ளி உண்டா?"

செட்டிநாட்டில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நகரத்தார் ஒவ்வொருவரும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரும், கோயில் கணக்கில் கல்யாணம் பதிவாகும். அப்படிப் பதிவான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு வரி கட்ட வேண்டும், கோயில் காரியத்தில் பங்கும் உண்டு. கோயிலில் புள்ளி இருந்தால்தான் ஊரில் குடும்பம்.

அவ்வளவு சரியான கேள்வியை என்னிடம் எந்தப் போதகரும் கேட்டதில்லை. "உண்டு ஆச்சி" என்றேன். சபைப் பதிவேட்டில் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கிறார்கள். காணிக்கை உறையில் இரண்டு பெயரும் சேர்த்து அச்சடித்து வருகிறது. உறுப்பினர் புத்தகத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கிறது. வருஷாந்தரக் கூட்டத்தில் ஆளுக்கொரு வாக்கு. மாப்பிள்ளை சபைக் கவுன்சிலில் கணக்குப் பார்க்கிறார். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கணக்கையே கையில குடுத்திருக்காகன்னா சரிதான், பிறகென்ன" என்றார்.

சாப்பாடு. ஆராதனை முடிந்ததும் கீழ்த்தள ஹாலில் காபி. மாதத்தில் ஒருநாள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஹாட்டிஷ் என்று அவர்கள் ஊர்ப் பலகாரம். கறிக்கொத்தும் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்குத் துண்டு பரப்பி ஓவனில் வைத்து எடுப்பது. சூடாக இருக்கும், உப்பு உறைப்பு எதுவும் தெரியாது. நான் வெள்ளைப் பணியாரம் செய்து கொண்டுபோனேன். டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேல் நிற்கிற அளவுக்குக் கோபுரமாக உளுந்து வைத்து, சேர்த்து ஊறவைத்து ஆட்டினால் போதும். புளிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால் அந்தக் குளிரிலும் மாவு ஏமாற்றவில்லை. கோயில் சமையலறை எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுத்தேன். வரமிளகாய்த் துவையலை மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்து எச்சரித்துவிட்டேன். பாத்திரம் ஏந்திய அதே அம்மா என் பக்கத்தில் நின்று பணியாரம் எண்ணெயில் உப்பித் தானே மேலே வருவதைப் பார்த்து, எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது நேரலை முடிந்ததும் எனக்கு அவரிடமிருந்து வாட்ஸாப்பில் படம் வருகிறது. ஓரம் இன்னும் சரியாக வரவில்லை. மாவு கெட்டி.

குறைகளுக்கு வருகிறேன். நேரலையின் ஒலி மோசம். ஆர்கன் ஒலிக்கும்போது ஜெபம் காதில் விழாது, கேமரா ஒரே இடத்தில் நிற்கும், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுவதும் கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் கேட்டுப் புரிவது கஷ்டம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது, ஜனவரிக் கடைசி ஞாயிறு 'ரீகன்சைலிங்' ஞாயிறு. அன்றைக்குக் கோயில் நிரம்பி வழிகிறது, அடுத்த வாரம் பாதிப் பெஞ்சு காலி. இளம்பிள்ளைகள் குறைவு, நரைத்த தலைகள்தான் அதிகம். மூன்றாவது, சாதி பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இனப் பாகுபாடு பற்றி எழுதி வைத்திருப்பவர்கள், கடல் தாண்டி வந்த தமிழ்க் குடும்பங்களிடையே சாதியும் கூடவே வந்திருக்கிறது என்பதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். பாஸ்டரம்மா அதற்காக என்னிடம் ஒரு மாலை நேரம் ஒதுக்கிக் கேட்டுக்கொண்டார், அது நல்லது. ஆனால் சபை அளவில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அரை நட்சத்திரம் குறைந்தது முக்கியமாக இதற்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. லுத்தரன் என்ற பலகையை மட்டும் பார்த்துப் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் லுத்தரன் திருச்சபை பல. மிசௌரி சினாடும் விஸ்கான்சின் சினாடும் தன்பாலினத் திருமணத்தை ஏற்பதில்லை. 2010இல் பிரிந்து உண்டான வட அமெரிக்க லுத்தரன் திருச்சபையும் அப்படியே. இ.எல்.சி.ஏ.வுக்குள்ளேயே 2009 தீர்மானம் ஒவ்வொரு சபையின் மனச்சாட்சிக்கும் இடம் விட்டிருக்கிறது. அதனால் ஒரு தெருவில் இருக்கும் சபை கல்யாணம் நடத்தி வைக்கும், அடுத்த தெருச் சபை மறுக்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இங்கே நம் பக்கம் நிலைமை வேறு. என் மகனுடைய கல்யாணச் செய்தி தெரிந்ததும், தேவகோட்டைப் பக்கத்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இன்ன ஜெப வீட்டில் உபவாச ஜெபம் வைத்தால் பிள்ளைக்கு விடுதலை கிடைக்கும் என்றார். விடுதலை ஆக வேண்டிய கட்டு எதுவும் அவனிடம் இல்லை என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். இப்படிக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல உங்கள் கையில் இரண்டு விஷயம் இருக்கட்டும். ஒன்று சட்டம். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டார். மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைச் செய்கிற மருத்துவர் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று அறிவித்தது. இன்னொன்று ஞானோபதேசம். பத்துக் கற்பனைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனைக்கு லுத்தர் எழுதிய விளக்கத்தை லுத்தரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒப்பித்திருப்போம். அயலானைக் காட்டிக்கொடுக்காதே, அவதூறு பேசாதே, அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்வதை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். ஒப்பித்தவர்கள் அதைச் செய்தாலே எங்கள் பிள்ளைகளுக்குப் போதும்.

மினியாபொலிஸ் சபையின் வரவேற்பு அறிக்கையைத் தமிழில் எழுதி, நான் இங்கே ஞாயிறு போகும் சபையின் ஐயரிடம், அதாவது போதகரிடம், கொடுத்திருக்கிறேன். முழுசாகப் படித்தார். "கமிட்டியில வைக்கணும்மா, கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். கொடுத்திருக்கிறேன். அடுத்த கமிட்டி எப்போது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன்.

நேரலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு: அங்கே காலை பத்தரை மணி ஆராதனை என்றால் நமக்குக் கோடையில் ராத்திரி ஒன்பது மணி. அவர்கள் கடிகாரத்தை மாற்றும் குளிர்காலத்தில் பத்து மணி. புதுச் சபை தேடுகிற பிள்ளைகள், போவதற்கு முன் போதகருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நாலே கேள்வி கேளுங்கள். எங்கள் கல்யாணத்தை இங்கே நடத்துவீர்களா? எங்களை ஒரே குடும்பமாகப் பதிவு செய்வீர்களா? திருவிருந்தில் பரிமாறவும் கவுன்சிலில் நிற்கவும் விடுவீர்களா? எங்கள் அம்மா அப்பா வந்தால் அவர்களிடம் எங்களை என்ன உறவாக அறிமுகப்படுத்துவீர்கள்? என் மகன் அந்தச் சபையில் சேருவதற்கு முன் இதைத்தான் கேட்டு எழுதினான். பாஸ்டரம்மா மறுநாளே பதில் போட்டார். முதல் மூன்றுக்கும் ஆம் என்று எழுதி, நாலாவதற்கு, "நீங்கள் சொல்லிக் கொடுங்கள், அதே உறவுமுறையில் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். நான் போய் இறங்கிய முதல் ஞாயிறு, வாசலில் நின்று என் கையைப் பிடித்து, மாப்பிள்ளையைக் காட்டி, "உங்கள் மாப்பிள்ளை உங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்" என்றார். மாப்பிள்ளை என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னார்.